அந்திம வேளையும் அவன் நினைவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு ஏறி, அங்கிருந்து காப்பித் தோட்டங்களினூடே வெள்ளக்கடை வந்து சேர்ந்து, எம்பெருமானைக் கண்குளிரச் சேவித்து நிற்கும் உங்கள் அனைவருக்கும் அடியேன் தெண்டன் சமர்ப்பித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது.

திருவிழா நாளில் மங்களமானவற்றையே பேசவேண்டும் என்பது பெரியோர் வழக்கம். அவ்வாறிருக்க, மரணத்தைப் பற்றி இம்மலரில் எழுதலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். நம் சம்பிரதாயத்தில் மரணம் என்பது அமங்களச் சொல்லே அன்று. ஒரு பாகவதர் தேகத்தை விட்டால், 'திருநாட்டுக்கு எழுந்தருளினார்' என்றும் 'ஆசார்யன் திருவடியை அடைந்தார்' என்றுமன்றோ சொல்லுகிறோம்! ஊருக்குப் போகிறவனைப் பற்றிப் பேசுவதுபோல அதைப் பேசுவது நமக்கு இயல்பே. ஆகவே அஞ்சாமல் தொடங்குகிறேன்.

முற்காலத்தில் உயிர் பிரிந்ததை அறிவது எளிதாக இருந்தது. மூச்சு நின்றது, நாடி நின்றது, உடல் குளிர்ந்தது என்ற இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது நேரத்திற்குள் நிகழ்ந்துவிடும். வீட்டிலேயே, உற்றார் சூழ, நாவில் துளசி தீர்த்தம் விட்டு, வலச்செவியில் திருமந்திரத்தை ஓதி வழியனுப்பி வைத்தார்கள். இன்று அவ்வாறில்லை. அந்திம வேளை பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நேருகின்றது. வாயில் குழாய், மூக்கில் குழாய், மார்பில் கம்பிகள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிள்ளைகள் நிற்கிறார்கள். உள்ளே மார்பு ஏறி இறங்குகின்றது. உடல் வெதுவெதுப்பாக இருக்கின்றது. ஆனால் வைத்தியரோ, "உங்கள் தகப்பனார் காலமாகிவிட்டார்" என்கிறார்!

இத்தகைய நிலையில் தவித்த குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. மார்பு அசையும்போது மரணம் என்பது எங்ஙனம் பொருந்தும்? கருவியை எடுக்கச் சொன்னால் நாங்களே கொன்றவர்கள் ஆவோமோ? துளசி தீர்த்தமும் இல்லாமல், திருநாமமும் சொல்லாமல், நினைவின்றிப் போனவருக்கு நற்கதி உண்டோ? இம்மூன்றாவது கேள்வியே இரவில் உறக்கத்தைக் கெடுப்பது. முதல் இரண்டும் தெளிந்தால்தான் மூன்றாவது தெளியும். ஆகையால் முறைப்படியே பார்ப்போம்.

மூச்சைக் கையால் தந்தவர்கள்

1952-ஆம் ஆண்டு டென்மார்க் தேசத்துத் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாத நோய் கடுமையாகப் பரவிற்று. நோய் கண்டவர்களில் பலர் மூச்சு விடும் தசைகள் செயலிழந்து மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தலாம் என்று காட்டினார். போதுமான கருவிகள் இல்லை. மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும், வாரக்கணக்கில் நோயாளிகளின் அருகே அமர்ந்து அப்பையை அழுத்தினார்கள். ஒருவர் கையே மற்றொருவருக்கு மூச்சாக நின்றது! இறக்கவேண்டியிருந்த குழந்தைகள் பலர் எழுந்து நடந்தார்கள். கைகள் செய்த அந்தத் தொண்டைப் பின்னர் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அதுவே இன்று வெண்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவி.

எனவே, அன்பர்களே, இக்கருவியை வெறுக்கவேண்டா. அது கருணையில் பிறந்தது. பாம்பு கடித்தவரும், நஞ்சுண்டவரும், கடும் நிமோனியா கண்டவரும் அதனால் பிழைத்து, இவ்வாண்டுத் திருவிழாவிற்கு மலையேறி வந்திருக்கக்கூடும்.

ஆயினும் அக்கருவியோடு முன்பு இல்லாத ஒரு நிலையும் பிறந்தது. மூளை முற்றிலும் அழிந்துபோனவருக்கும் அது காற்றைச் செலுத்திக்கொண்டே இருந்தது. இருதயமோ தன்னுள்ளேயே துடிப்பை எழுப்பிக்கொள்ளும் தன்மையுடையது. பிராணவாயு கிடைக்கும் வரையில் மூளையின் கட்டளை இன்றியும் துடிக்கும். ஆகவே மூளை இறந்தபின்னும் இருதயம் சில நாட்கள் துடிப்பதை வைத்தியர்கள் கண்டார்கள். 1959-இல் பிரான்சு தேசத்து வைத்தியர்கள் இருவர், இது மயக்கத்தையும் கடந்த நிலை என்று விவரித்தனர். 1967 டிசம்பர் 3-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்டு ஒருவர் இருதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். அடுத்த ஆண்டு, 1968-இல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு மூளைச்சாவின் அடையாளங்களை வகுத்தது. நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டின் சாவையும் மரணமாக ஏற்றுக்கொண்டது.

மூளைத்தண்டு என்பது யாது? கழுத்துக்கு மேலே, தலையின் அடியில், விரல் நீளமே உள்ள பகுதி அது. மூச்சு விடவேண்டும் என்ற கட்டளை அங்கிருந்தே பிறக்கின்றது; விழித்திருக்கும் ஆற்றலும் அங்கிருந்தே பிறக்கின்றது. அது அழிந்தால் திரும்புவதில்லை. அதனை அறியும் முறையையும் கேளுங்கள். கண்ணில் ஒளியைப் பாய்ச்சினால் கருவிழிப் பாவை சுருங்குகின்றதா? தொண்டையைத் தீண்டினால் இருமல் எழுகின்றதா? காதில் குளிர்ந்த நீரை விட்டால் விழிகள் அசைகின்றனவா? இறுதியாக, சுவாசக் கருவியைச் சற்றே விலக்கி, பிராணவாயுவை மட்டும் கொடுத்து, இரத்தத்தில் கரியமிலவாயு மிகும்போது தானாக ஒரு மூச்சேனும் எழுகின்றதா? இவை எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்பதே விடையாகி, குறைந்தது 6 மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தும் அதே விடை வந்தால்தான், 4 மருத்துவர்கள் கையொப்பமிட்டு மூளைத்தண்டுச் சாவைச் சான்றளிக்கிறார்கள். உறுப்பு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்களுக்கு அக்குழுவில் இடமில்லை.

இங்கே மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவர் உயிருள்ளவர். அவர் மீளவும் கூடும். கண் திறந்தும் உணர்வு திரும்பாதவர் மற்றொரு வகையினர், அவர் தாமே மூச்சு விடுகிறார், அவரும் உயிருள்ளவரே. மூளைத்தண்டு இறந்தவரோ அவ்விருவரைப் போன்றவர் அல்லர். அவர் மார்பை அசைப்பது இயந்திரம். முதுகுத்தண்டின் செயலால் விரலொன்று அசைந்தாலும் அது அவர் அழைப்பதன்று. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே குடும்பங்கள் படும் துன்பம் பெரிதாகின்றது.

இம்மலையில் மூடுபனி இறங்கும்போது பாருங்கள். மலை எங்கே முடிகின்றது, வானம் எங்கே தொடங்குகின்றது என்று கீழே நிற்பவனுக்குத் தெரிவதில்லை. ஆனால் மலைக்கு முடிவே இல்லாமற்போய்விட்டதா? பனி மறைப்பது நம் கண்ணை, மலையை அன்று. கருவிகள் செய்வதும் இதுவே. உயிருக்கும் மரணத்திற்கும் உள்ள எல்லை அழிந்துவிடவில்லை. முன்பு வெறுங்கண்ணால் கண்டதை இன்று சோதித்து அறியவேண்டியிருக்கின்றது, அவ்வளவே.

சுஷேணர் கண்ட அடையாளங்கள்

சோதித்து அறிவது யாருடைய வேலை? ஸ்ரீராமாயணம் இதற்கு விடை தருகின்றது.

இராவணன் எறிந்த சக்தி ஆயுதம் மார்பில் பாய்ந்து இளையபெருமாள் வீழ்ந்து கிடக்கிறார். சக்ரவர்த்தித் திருமகன், தம்பி போய்விட்டான் என்றே எண்ணிப் புலம்புகிறார். யுத்தமும் வேண்டா, உயிரும் வேண்டா என்கிறார். அப்போது வானர வைத்தியரான சுஷேணர் அருகே வந்து பார்க்கிறார். அவர் அழவில்லை, ஆராய்கிறார். முகம் கறுக்கவில்லை, உள்ளங்கைகளில் தாமரை நிறம் மாறவில்லை, கண்கள் தெளிந்துள்ளன, மார்பில் மூச்சும் துடிப்பும் உள்ளன என்று ஒவ்வோர் அடையாளமாக எடுத்துச் சொல்லி, 'இவர் இறக்கவில்லை' என்று தீர்ப்பளிக்கிறார். பிறகே அனுமன் மூலிகை மலையைப் பெயர்த்து வருகிறான்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. துக்கத்தில் இருப்பவனால் உயிர் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க முடியாது. பெருமாளே அவதாரத்தில் அந்த நிலையை நடித்துக் காட்டினார். அடையாளம் அறிந்த வைத்தியன் சொல்லை அவர் ஏற்றுக்கொண்டார் என்பது இரண்டாவது. அன்று பெருமாள் 'இறந்தான்' என்று எண்ணியபோது வைத்தியர் 'உயிர் உள்ளது' என்றார். இன்று நாம் 'உயிர் உள்ளது' என்று எண்ணும்போது வைத்தியர் 'இல்லை' என்கிறார். நமக்கு உவப்பான சொல்லை மட்டும் ஏற்பது என்றால், அது வைத்தியனை நம்புவதாகாது. ஐயம் இருந்தால் கேளுங்கள். சோதனைகளை விளக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறைச் சோதனை முடியும்வரை காத்திருங்கள். அதன்பின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜீவன் வசிப்பது இருதயத்தில் என்றன்றோ வேதாந்தம் சொல்லுகின்றது, இருதயம் துடிக்கும்போது ஜீவன் போய்விட்டது என்று எவ்வாறு கொள்வது என்று கற்றறிந்தோர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ஜீவன் அணுவளவினன் என்பதும், இருதயத்தை இடமாகக் கொண்டவன் என்பதும் பாஷ்யகாரர் நிலைநாட்டிய அர்த்தங்களே. ஆயினும் இருதயமாகிய தசையே ஜீவன் என்று எவரும் சொல்லவில்லை. பர்னார்டு காலந்தொட்டு எத்தனையோ பேருக்கு இருதயம் மாற்றப்பட்டுவிட்டது. பெற்றுக்கொண்டவர் தம் பெயரையும், தம் மனைவி மக்களையும், தம் கடனையும்கூட மறக்காமல் அவராகவே எழுந்தார். வீட்டை மாற்றிக் கட்டினாலும் குடியிருப்பவன் அவனே. கத்தியால் எடுத்துத் தட்டில் வைக்கக்கூடிய பொருளன்று ஆத்மா.

மேலும், மரணம் ஒரு நொடியில் முடிவதன்று, படிப்படியாக நிகழ்வது என்பதை உபநிஷத்து என்றோ கண்டது. முதலில் வாக்கு மனத்தில் ஒடுங்குகின்றது. மனம் பிராணனில் ஒடுங்குகின்றது. பிராணன் தேஜஸில் ஒடுங்குகின்றது. அது பரதேவதையில் ஒடுங்குகின்றது என்பது சாந்தோக்கியம் காட்டும் முறை. இந்தப் படிகளுக்கு நடுவே இயந்திரம் ஒரு கையை நீட்டி, மூச்சின் தோற்றத்தைச் சில நாள் நிறுத்தி வைக்கின்றது. உள்ளே ஜீவன் எந்தக் கணத்தில் புறப்பட்டான் என்பதைக் காட்டும் கருவி வைத்தியனிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. அது அந்தர்யாமி ஒருவனே அறிந்தது. நாம் செய்யவேண்டியதை அறிய வைத்தியர் சான்று போதும். அதற்கு மேற்பட்டதை அவனிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

மலையைப் பெயர்க்கும் வேளையும் வைத்தியரை அனுப்பும் வேளையும்

இனி இரண்டாவது கேள்வி. கருவியை எடுப்பது கொலையாகுமோ?

மூளைத்தண்டு இறந்தவர் விஷயத்தில் இக்கேள்வி எழவே இடமில்லை. நீங்குவது இயந்திரத்தின் காற்று, உயிரன்று. எனினும் நடைமுறையில் ஒரு சங்கடம் உண்டு. 1994-இன் சட்டம் உறுப்பு தானத்தை முன்னிட்டு எழுந்ததாகையால், தானத்துக்கு இசையாத குடும்பங்களில் கருவியை நிறுத்த மருத்துவர்கள் தயங்குவதுண்டு. கேரள அரசு 2020-இல், தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மூளைச்சாவு மரணமே என்னும் வகையில் வழிமுறைகளை வகுத்தது. இத்தெளிவு எங்கும் வருமாயின் குடும்பங்களின் துயரம் குறையும்.

உயிர் இருந்தும் மீளும் வழியற்றவர் நிலையே கடினமானது. மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27-ஆம் நாள் ஒரு கொடியவனின் தாக்குதலால் மூளை பாதிக்கப்பட்டுப் படுக்கையில் வீழ்ந்தார். அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்லர். தாமே மூச்சு விட்டார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதி வேண்டி வேறொருவர் தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை மறுத்தது. ஆயினும் தக்க பாதுகாப்புகளோடு, பயனற்ற சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கொள்கையை ஏற்றது. 2015 மே 18-ஆம் நாள் நிமோனியா கண்டு அவர் காலமாகும் வரை, 41 ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த ஆஸ்பத்திரித் தாதியர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினார்கள். படுக்கைப்புண் வாராமல் காத்தார்கள். பதிலுக்கு ஒரு சொல்லும் எதிர்பாராத அந்தப் பணிக்குக் கைங்கரியம் என்பதல்லாமல் வேறு பெயர் என்ன இருக்கின்றது!

இவ்வாறு பேணுவதும் தர்மம். எனில், எல்லார்க்கும் எந்நாளும் எல்லாச் சிகிச்சையும் செய்துகொண்டே இருப்பதுதான் தர்மமா? பிதாமகர் பீஷ்மரை நினையுங்கள். தாம் விரும்பும்போதே உயிர் பிரியும் என்று தந்தையிடம் வரம் பெற்றவர் அவர். அம்புப் படுக்கையில் அவர் வீழ்ந்ததும், அம்புகளைப் பிடுங்குவதில் தேர்ந்த வைத்தியர்களைத் துரியோதனன் கூட்டி வந்தான். பீஷ்மர் என்ன செய்தார்? அவர்களைக் கடிந்தாரா? இல்லை. பொருள் கொடுத்து மரியாதையோடு திருப்பி அனுப்பச் சொன்னார். தமக்கு இனி வைத்தியம் வேண்டியதில்லை என்றார். உடனே உயிரை மாய்த்துக்கொள்ளவும் இல்லை. 58 இரவுகள் அப்படுக்கையில் கிடந்து, தருமபுத்திரருக்குத் தருமங்களை உபதேசித்து, ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்தை உலகுக்குத் தந்து, கண்ணன் எதிரே நிற்க உயிர் நீத்தார்.

அன்பர்களே! இளையபெருமாளுக்காக மலையைப் பெயர்த்ததும் தர்மம். பீஷ்மர் வைத்தியர்களை அனுப்பியதும் தர்மம். மீளும் வழியுள்ளவனுக்கு மலையையும் பெயர்க்கவேண்டும். மீளும் வழி அற்றவிடத்து, வலியைத் தணித்து, வாயை நனைத்து, அருகிருந்து, போக விடவேண்டும். சிகிச்சையை விடுவது வேறு. உயிரைப் பறிப்பது வேறு. முன்னது இயற்கைக்கு வழிவிடுதல். பின்னதைச் சாஸ்திரமும் ஏற்காது, நம் நாட்டுச் சட்டமும் ஏற்காது.

ஆனால் பீஷ்மர் தம் வாயாலேயே சொன்னார். வாயில் குழாயுடன் கிடப்பவர் எங்ஙனம் சொல்லுவார்? இங்கேதான் 2018 மார்ச் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அளித்த தீர்ப்பு நமக்குத் துணையாகின்றது. கண்ணியத்தோடு இறத்தலும் வாழும் உரிமையின் பகுதியே என்றும், மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. 2023 ஜனவரி 24-ஆம் நாள் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. வயது வந்தவர், தெளிந்த மனத்தோடு, எவர் வற்புறுத்தலுமின்றி எழுதி, 2 சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். தமக்காக முடிவு சொல்ல நம்பிக்கைக்குரிய உறவினர் பெயரையும் குறிப்பிடலாம். மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். அந்த வேளை வரும்போதும் ஒருவர் சொல்லால் எதுவும் நடந்துவிடாது. இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து இசையவேண்டும்.

அதனை எழுதுவது குடும்பத்துக்குச் செய்யும் பெரிய உபகாரம். எழுதி வையாத வீட்டில், மூத்த மகன் 'போதும்' என்பான். இளைய மகன் 'அப்பாவைக் கொல்லப் பார்க்கிறாயா' என்பான். நிலம் விற்கப்படும், உடன்பிறப்பு உறவு முறியும். போனவர் விரும்பியது இரண்டையும் அன்று.

கட்டையும் கல்லும் போலக் கிடக்கும்போது

இனி மூன்றாவது கேள்வி: நினைவின்றிப் போனவரின் கதி.

அந்திம காலத்தில் என்னை நினைப்பவன் என்னை அடைகிறான் என்று கீதையில் கண்ணன் அருளினான். இதைக் கேட்ட நமக்கு நடுக்கமே உண்டாகின்றது. மருந்தின் மயக்கத்தில், குழாய்களின் நடுவே, எவரால் நினைக்க முடியும்? நினைக்க முடியாதவன் கெட்டொழிய வேண்டியதுதானா?

இந்த நடுக்கத்தை அறிந்து, முன்னமே மருந்து தந்தவன் வராஹப் பெருமான். கடலில் ஆழ்ந்த பூமிப்பிராட்டியை எடுத்து வந்தபோது, பிராட்டி தன் குழந்தைகளான நமக்காகக் கேட்க, பெருமான் அருளிச்செய்த வார்த்தை வராஹ சரம சுலோகம் எனப்படும். அதன் கருத்து இதுவே: ஒருவன் மனம் நன்றாயிருக்கும்போதும் உடல் திடமாயிருக்கும்போதும் என்னை ஒருமுறை நினைத்தானாயின், பின்னர் அவன் மரிக்கும் தறுவாயில் கட்டையையும் கல்லையும் போலக் கிடக்கும்போது, நான் அவனை நினைக்கிறேன், நானே அவனைப் பரமகதிக்கு அழைத்துச் செல்லுகிறேன்.

கவனித்தீர்களா? கட்டையும் கல்லும் போல! தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கையைப் பெருமான் அன்றே கண்டான். அந்த நிலையில் நீ நினைக்கவேண்டும் என்று அவன் விதிக்கவில்லை. நினைக்கும் பொறுப்பைத் தான் எடுத்துக்கொண்டான். தூங்கும் குழந்தை தாயைப் பற்றிக்கொள்ள வேண்டியதில்லை, தாய் பற்றியிருக்கிறாள். நோயாளியின் மூளையில் நினைவு அலை இல்லை என்று கருவி காட்டலாம். பெருமானுடைய நினைவை அளக்கும் கருவி எங்கும் இல்லை.

ஆகையால், தந்தைக்குத் துளசி தீர்த்தம் விட முடியவில்லையே, தாய்க்குச் செவியில் ஓத முடியவில்லையே என்று உள்ளம் உடைந்திருப்போர் இவ்விழாவில் எவரேனும் இருந்தால், அவர்களுக்கு அடியேன் சொல்லிக்கொள்வது இது: உங்கள் தாயும் தந்தையும் ஒரு நாளேனும் கோயில் வாசலில் கைகூப்பி நின்றவர்கள் அல்லரோ? ஒருமுறையேனும் 'கோவிந்தா' என்றவர்கள் அல்லரோ? அது கணக்கில் ஏறிவிட்டது. நீங்கள் விட்ட குறையை அவன் விடவில்லை.

திதியைப் பற்றிய கலக்கமும் வேண்டா. மூளைச்சாவு சான்றான நாள் ஒன்று, இருதயம் நின்ற நாள் ஒன்று என இரண்டு வந்தால் எந்நாளில் ச்ராத்தம் என்று உங்கள் ஆசார்யரையும் புரோகிதரையும் கேட்டு, அவர் சொன்னபடி நடவுங்கள். இரவில் இறந்தாலும் தக்ஷிணாயனத்தில் இறந்தாலும் ஞானியின் கதிக்குக் குறைவில்லை என்று பிரம்ம சூத்திரமே தீர்த்துவிட்டது. அவன் நாள் பார்த்து மோக்ஷம் கொடுப்பவன் அல்லன்.

ததீசி தந்த எலும்பு

மூளைச்சாவு நேர்ந்த இடத்தில் உறுப்பு தானத்தைப் பற்றி மருத்துவமனையார் கேட்பார்கள். கண்ணை எடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறக்க நேருமோ என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுப்பது போல் ஆத்மா உடலை மாற்றுகின்றது என்பது கீதையின் உபதேசம். களைந்த ஆடையிலிருந்து ஒரு துண்டைக் குளிரில் நடுங்குபவனுக்குக் கொடுத்தால், புதிய ஆடை கிழிந்தா வரும்? விருத்திராசுரனை வெல்ல வழி தேடிய தேவர்களை ததீசி முனிவரிடம் அனுப்பியவன் திருமாலே என்று ஸ்ரீமத் பாகவதம் கூறுகின்றது. முனிவர் தம் எலும்பைத் தந்தார்; அது வஜ்ராயுதமாயிற்று.

நம் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயதுச் சிறுவன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். தாயும் தந்தையும் மருத்துவர்கள். மார்பு ஏறி இறங்கும் மகனைப் பார்த்தபடியே அவனுடைய உறுப்புகளைத் தர இசைந்தார்கள். சென்னை நகரின் நெரிசலில் காவல்துறை வழி ஏற்படுத்தித் தர, அவன் இருதயம் ஒரு சிறுமியின் மார்பைச் சென்றடைந்தது. அந்நிகழ்ச்சி தமிழ்நாட்டில் உறுப்பு தான இயக்கத்திற்கே வித்தாயிற்று. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-இல் தமிழக அரசு அறிவித்தது. தானம் கட்டாயமன்று; கொடாதவரைக் குறை கூறலும் தகாது. கொடுக்க மனம் வந்தவர், சாஸ்திரம் தடுக்குமோ என்று அஞ்சவேண்டா என்பதே அடியேன் சொல்ல வந்தது.

நல்ல நாளிலேயே சொல்லி வைப்போம்

பெரியாழ்வார் திருவரங்கத்து அரவணைமேல் துயிலும் பெருமானிடம் ஒரு விண்ணப்பம் செய்தார். உடல் சோர்ந்து, உன்னை நினைக்கவும் இயலாத நாள் ஒன்று வரும். அந்நாளுக்காக இன்றைக்கே உன்னிடம் தெரிவித்துக்கொள்கிறேன் என்பது அதன் உட்கருத்து. ஆழ்வார் செய்தது என்ன? நினைவுள்ள நாளில், நினைவற்ற நாளுக்கான ஏற்பாடு. மலையேறும் யாத்ரிகன் இறங்கும் வண்டி எப்போது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வதில்லையா? அதுபோல.

நாமும் இரண்டு விண்ணப்பங்களை நல்ல நாளிலேயே செய்து வைப்போம். ஒன்று பெருமானிடம்: சந்நிதியில் நிற்கும் இப்பொழுதே, 'அந்த வேளையில் நீ என்னை நினைக்கவேண்டும்' என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றொன்று மனைவி மக்களிடம்: எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா, உறுப்பு தானத்துக்கு இசைவு உண்டா இல்லையா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், எழுதியும் வையுங்கள். முதலாவது உங்கள் கதிக்கு. இரண்டாவது அவர்கள் நிம்மதிக்கு.

உற்றார் ஒருவர் தீவிர சிகிச்சையில் இருந்தால், அனுமதி பெற்று அருகே சென்று, அவர் கையைப் பற்றி, செவியில் திருநாமத்தைச் சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவர் சிலருக்குக் காது கேட்கக்கூடும். அவர் கேளாத நிலையை அடைந்திருந்தாலும் சொல்லுங்கள். அச்செவிக்கு உள்ளிருப்பவன் கேட்பான்.

இன்னும் ஒன்று. மூளைச்சாவுக்குப் பெருங்காரணம் தலையில் படும் அடி. மலைப்பாதையில் இறங்கும்போது வளைவுகளில் முந்தாதீர்கள். இருசக்கர வண்டியில் வந்தவர்கள் தலைக்கவசத்தை அணிந்தே செல்லுங்கள். எம்பெருமான் நம்மை நினைப்பான் என்பது உண்மை. அதற்காக அவனை அவசரப்படுத்த வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் உங்கள் அனைவரையும் இம்மலையில் சேவிக்கவேண்டும் என்பதே அடியேன் பிரார்த்தனை.

அடியேன்,
ராமாநுஜ தாசன்

சுபம்